ஆரணிப் போரும் கிளைவின் ஜாகீரும்

பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்ற எங்கள் ஆரணியில் முதியோர் சிலரின் பேச்சில் 'ஜாகீர்' என்னும் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. பீஜப்பூர் சுல்தானியத்தின் படையில் பணியாற்றிய மராட்டியத் தளபதி வேதாஜி பாஸ்கர் பந்த், தமது சேவைக்காக 17-ஆம் நூற்றாண்டில் பெற்ற மானியமே ஆரணி ஜாகீர். பீஜப்பூர் வீழ்ந்தது, மொகலாயரும் ஆர்க்காட்டு நவாபும் வந்து போயினர், ஆங்கிலேயரும் வந்தனர். ஆட்சிகள் மாறினாலும் ஜாகீர் மாறவில்லை. நாடு விடுதலை பெற்றபின், 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம்தான் அம்முறைக்கு முடிவு கட்டியது.

ஜாகீர் என்பது நிலத்தைக் கொடையாக அளிப்பதன்று. நிலத்தை உழுபவன் உழுதுகொண்டேயிருப்பான். அவன் செலுத்தும் வரி மட்டும் அரசின் கருவூலத்துக்குப் போகாமல் ஒரு தனிமனிதரின் பெட்டிக்குப் போகும். அவ்வளவே. ஆரணியின் வரலாற்றைத் தேடத் தொடங்கியபோது, இந்தச் சூட்சுமத்தை நன்கு அறிந்து பயன்படுத்திக்கொண்ட ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி நம்மூர் மண்ணில் போரிட்டவர் என்பதைக் கண்டேன். அவர் ராபர்ட் கிளைவ்.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷையரில் உள்ள ஸ்டைச் என்னும் சிறு பண்ணைதான் கிளைவ் குடும்பத்தின் பூர்விகச் சொத்து. அங்கே 1725 செப்டம்பர் 29-இல் பிறந்தார் ராபர்ட். தந்தை ரிச்சர்டு வழக்கறிஞர். பழைய குடும்பம், ஆனால், பெரிய குடும்பம், கடனும் உண்டு. பண்ணை அடமானத்தில் இருந்தது. இத்தகைய குடும்பங்கள் தம் பிள்ளைகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுத்தர்களாக அனுப்புவது அக்கால வழக்கம். அவ்வாறே 1744-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார் 18 வயது கிளைவ். ஆண்டுச் சம்பளம் 5 பவுண்டு. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றியபோது மாறுவேடத்தில் தப்பிக் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையை அடைந்தார். எழுதுகோலை வைத்துவிட்டு வாளை ஏந்தியது அதன் பின்னரே.

1751-இல் ஆர்க்காட்டு நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதினர். முன்னவருக்கு ஆங்கிலேயரும் பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை. ஆர்க்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றிய கிளைவ், சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபின் முற்றுகையை 50 நாள்கள் தாங்கினார். முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கியவர்களை அவர் துரத்திவந்து மோதிய இடம் ஆரணி. அது நடந்தது அவ்வாண்டு டிசம்பரில். முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை அவருக்குத் துணை நின்றது. சேறு நிறைந்த நெல்வயல்களும் ஒரு பனந்தோப்புமே போர்க்களம். வயல் நடுவே சென்ற கரைப்பாதையில் முன்னேறிய எதிரிப்படை பீரங்கிக் குண்டுகளுக்கு இரையானது. ஆரணிக் கோட்டையின் அதிகாரி முகமது அலியின் பக்கம் சாய்ந்தார். தோற்ற படையின் சிப்பாய்கள் பலர் தத்தம் ஆயுதங்களுடன் வென்றவரிடமே வேலைக்குச் சேர்ந்தனர்.

ஆர்க்காட்டு முற்றுகையைப் பாடநூல்கள் விரிவாகப் பேசும். ஆரணிக்கு ஒரு வரியே கிடைக்கும். ஆனால், கோட்டைக்குள் தற்காத்துக்கொள்ள மட்டுமன்று, வெட்டவெளியில் வெல்லவும் கம்பெனிப் படையால் முடியும் என்று கர்நாடகத்து அதிகாரிகள் உணர்ந்தது இங்கேதான். வெல்பவர் யாரென்று பார்த்துப் பக்கம் மாறும் கணக்கு அவர்களுக்குக் கைவந்த கலை.

1753-இல் சென்னைக் கோட்டையின் தூய மரியன்னை தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கலினை மணந்த கிளைவ், அவ்வாண்டே தாயகம் திரும்பினார். கர்நாடகத்தில் சேர்த்த பணத்தில் தந்தையின் கடனை அடைத்தார். ஸ்டைச் பண்ணை மீண்டது. அதன் விலையில் ஒரு பங்கு நம் பகுதியின் போர்களிலிருந்து போனது என்பதை நாம் மறக்கலாகாது.

1757-இல் பிளாசியில் வென்று மீர் ஜாபரை வங்காள நவாபாக்கினார். கம்பெனிக்கு 24 பர்கானாக்களின் ஜமீன்தாரி உரிமை கிடைத்தது. அதற்காக நவாபுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்த வேண்டும். மொகலாய மரபில் தமக்கு மன்சப்தார் பட்டம் வழங்கப்பட்டிருக்க, அதற்குரிய ஜாகீர் எங்கே என்று கிளைவ் கேட்டார். கம்பெனி நவாபுக்குச் செலுத்திவந்த அதே தொகையை 1759-இல் கிளைவின் ஜாகீராக எழுதிக் கொடுத்தார் மீர் ஜாபர். ஆண்டுக்கு ஏறத்தாழ 27,000 பவுண்டு! 5 பவுண்டு சம்பளத்தில் சேர்ந்த ஊழியருக்குக் கம்பெனியே குத்தகைதாரராக மாறிய விந்தை இது.

1763-இல் கம்பெனி இயக்குநர்கள் இத்தொகையை நிறுத்தினர். வங்காள நிலைமை மோசமாகி, மீண்டும் கிளைவையே அனுப்பவேண்டிய நெருக்கடி வந்தபோது, பத்தாண்டுகளுக்கு அதை வழங்க ஒப்புக்கொண்டனர். பின்னர் அது மேலும் நீட்டிக்கப்பட்டது. அச்செல்வம் இங்கிலாந்தில் வால்காட், கிளேர்மாண்ட் என்று பண்ணைகளாகவும் மாளிகைகளாகவும் உருமாறியது. அயர்லாந்துப் பிரபுப் பட்டத்தில் பிளாசி என்ற பெயரும் ஏறியது.

1765-இல் வங்காளத்தின் திவானி, அதாவது வரி வசூலிக்கும் உரிமை, கம்பெனிக்குக் கிடைத்தது. ஆரணி போன்றதொரு நெசவு ஊரில் இருப்பவன் என்பதால் இதன் விளைவு என்னை மிகவும் உறுத்துகிறது. அதுவரை துணி வாங்க இங்கிலாந்திலிருந்து வெள்ளி வந்தது. அதன்பின், வங்காளத்து உழவர் கட்டிய வரிப்பணத்தைக் கொண்டே வங்காளத்து நெசவாளரின் துணியும் பட்டும் வாங்கிக் கப்பலேற்றப்பட்டன. அதாவது, விலையே கொடுக்காத வணிகம். ஐந்தாண்டுகளுக்குள் கொடும்பஞ்சம் வங்காளத்தைச் சூறையாடியது.

1773-இல் நாடாளுமன்றம் கிளைவை விசாரித்தது. பெருந்தொகை பெற்றதைப் பதிவுசெய்த அதே அவை, நாட்டுக்கு அவர் ஆற்றிய தொண்டையும் புகழ்ந்தது. 1774 நவம்பர் 22-இல் லண்டனில் அவர் மறைந்தார். அடையாளக் கல்லின்றி மோர்டன் சே கிராமத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

குடும்பக் கதை அத்துடன் முடியவில்லை. அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னையின் கவர்னர். கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டது அவர் காலத்தில். எந்த முகமது அலியை நவாபாக்கத் தந்தை ஆரணியில் போரிட்டாரோ, அந்த நவாபின் வழித்தோன்றலிடமிருந்து 1801-இல் கர்நாடகத்தின் ஆட்சியையே மகனின் அரசு எடுத்துக்கொண்டது. இன்று ராஜாஜி மண்டபமாக விளங்கும் கட்டடத்தைப் பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டணம் வெற்றிகளின் நினைவாக எழுப்பியவரும் அவரே. அவர் மனைவி ஹென்றியேட்டாவின் குலத்துக்குரிய வேல்ஸ் நாட்டுப் பவிஸ் கோட்டையில், திப்பு சுல்தானின் கூடாரம் உள்பட இந்தியப் பொருள்கள் இன்றும் காட்சிக்கு உள்ளன.

2020-இல் ஷ்ரூஸ்பரி நகரிலுள்ள கிளைவ் சிலையை அகற்ற வேண்டும் என்ற குரல் எழுந்தது. உள்ளாட்சி மன்றம் மறுத்துவிட்டது. சிலையை என்ன செய்வது என்பதை அவ்வூர் மக்கள் முடிவு செய்யட்டும். நமக்கு வேறொரு கடமை உண்டு. ஜாகீர் முறையைக் கிளைவ் உருவாக்கவில்லை. நம் சுல்தான்களும் நவாபுகளும் வகுத்த வழியில்தான் அவர் நடந்தார். தாமே விளைவிக்காததை வெற்றியின் பரிசாகப் பெறும் உரிமையை நம்மவர்களும் கேள்வி கேட்கவில்லை. ஒரே ஒரு வேறுபாடு: உள்ளூர் ஜாகீர்தாரின் செலவில் ஒரு பகுதியேனும் ஊரிலேயே தங்கியது, கிளைவின் ஜாகீர் கப்பலேறிப் போனது.

மானியம் பெற்றவர்களின் வமிசாவளி நான்கு நூற்றாண்டுகளுக்குத் தெளிவாகக் கிடைக்கிறது. அம்மானியத்துக்குரிய வரியைக் கட்டிய உழவரும் நெசவாளரும் பழைய வருவாய்க் கணக்குகளில் வெறும் தொகைகளாகவே எஞ்சியிருக்கிறார்கள். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் ஏடுகளைத் திறக்கும் இளம் ஆய்வாளர்கள், யார் பெற்றார் என்பதோடு நிற்காமல், யார் கொடுத்தார் என்றும் தேட வேண்டும். ஆரணியின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பாதி அதுதான்.