இணையத்தின் பதிவேட்டை 30 வருடம் கையில் வைத்திருந்தவர்: யார் இந்த ஜான் போஸ்டல்?

செல்போனில் டெர்மக்ஸ் செயலி இருந்தால் போதும், சிவகிரியில் உட்கார்ந்தபடியே ஓர் இணைய முகவரியின் பூர்வீகத்தைத் தோண்டிவிடலாம். ‘ஹூஇஸ்’ கட்டளையில் ஐயானா சர்வரைக் குறிப்பிட்டு ‘டாட் இன்’ பற்றிக் கேட்டால், அதை இப்போது நிர்வகிப்பது நிக்சி என்றும், பதிவான நாள் 1989 மே 8 என்றும் திரையில் வரும். நிலத்துக்கு வில்லங்கச் சான்று மாதிரிதான்.

1989இல் இந்தப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டது பெரிய அரசு அலுவலகம் எதுவும் இல்லை. நீண்ட தாடியும் காலில் செருப்புமாகத் திரிந்த ஜான் போஸ்டலும், ஓரிரு சகாக்களும்தான்.

1943 ஆகஸ்ட் 6இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். 1969இல் அர்பாநெட் வலையமைப்பு தொடங்கியபோது யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக மாணவர். எந்த எண்ணை யார் பயன்படுத்துகிறார்கள் என்று யாராவது குறித்துவைக்க வேண்டுமே? அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் கடைசிவரை விடவில்லை. அதுதான் பின்னாளில் ஐயானா ஆனது.

ஆரம்பத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் இருந்தது. கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. மாற்றுவழி தேடச் சொல்லி சக ஊழியர் பால் மொக்காபெட்ரிஸிடம் ஒப்படைத்தார் போஸ்டல். 1983இல் வந்ததுதான் டி.என்.எஸ். ‘டிக்’ கட்டளையில் ‘டிரேஸ்’ சேர்த்துப் பார்த்தால் அது வேலை செய்வது தெரியும்: முதலில் ரூட் சர்வர், அது கைகாட்டும் டாட் இன் சர்வர், பிறகு குறிப்பிட்ட தளத்தின் சர்வர்.

எது நாடு, எது நாடில்லை என்ற வம்பு மட்டும் அவருக்கு வேண்டாம். ஐ.எஸ்.ஓ. பட்டியலில் இருந்த இரண்டெழுத்துக் குறியீடுகளை அப்படியே எடுத்துக்கொண்டார். இந்தியாவுக்கு ‘இன்’, இலங்கைக்கு ‘எல்கே’. முகவரியை நிர்வகிப்பவர் அறங்காவலர்தான், சொந்தக்காரர் அல்ல என்பதை 1994இல் எழுதியும் வைத்தார்.

ஆனால் அதற்குள் பணம் நுழைந்துவிட்டது. டாட் காம் பதிவுக்கு 1995 முதல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் கட்டணம் வசூலித்தது. ரூட் பதிவேட்டின் மூலப்பிரதியும் அதே நிறுவனத்திடம். 1998 ஜனவரி 28 அன்று 8 ரூட் சர்வர்களின் பொறுப்பாளர்களுக்கு போஸ்டல் ஒரு மின்னஞ்சல் போட்டார்: இனி மூலப்பிரதியைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. அத்தனை பேரும் மறுபேச்சு இல்லாமல் மாற்றினார்கள். பயனாளர்களுக்கு எதுவும் தெரியவில்லை, ஏன்னா இரண்டு பிரதியிலும் ஒரே தகவல்தான். வெள்ளை மாளிகைக்கு மட்டும் தூக்கிவாரிப்போட்டது. பழையபடி மாற்றச் சொல்லி உத்தரவு வர, மாற்றிவிட்டார். சோதனை என்றுதான் சொன்னார். வெறும் சோதனை என்று நம்புவது கொஞ்சம் கஷ்டம்.

அதே ஆண்டு செப்டம்பரில் இந்தப் பொறுப்புக்காகவே ஐகேன் அமைப்பு உருவானது. அக்டோபர் 16 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பின், 55 வயதில் போஸ்டல் இறந்துபோனார். பதிவேட்டின் மீதிருந்த அமெரிக்க அரசின் ஒப்பந்தப் பிடி விலக 2016 அக்டோபர் 1 வரை ஆனது.