மேரி வர்கீஸ்

மேரி வர்கீஸ் (1925 - 1986) இந்திய மருத்துவர். இந்தியாவில் உடலியக்க மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். கேரளத்தில் கொச்சிக்கு அருகே பிறந்த இவர், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்றார். 1954 ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஊர்தி விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழ் இயக்கத்தை இழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களுக்கு அறுவை மருத்துவம் செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பியபின், வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966 இல் அங்கு தொடங்கப்பட்டது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், உடை உடுத்தல் முதலிய அன்றாட அசைவுகளைப் பிறர் துணையின்றிச் செய்ய நோயாளரைப் பழக்குவது இம்மருத்துவத்தின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாகும். 1972 இல் இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.