மூச்சோடு போராடிய நடிகர்

நடிகருக்கு மூலதனம் குரல். குரலுக்கு மூலதனம் மூச்சு. அந்த மூச்சே சரியில்லாத ஒருவர் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றார். அவர்தான் ராபர்ட் டோனட்.

இங்கிலாந்தில், மான்செஸ்டரைச் சேர்ந்த விதிங்டனில் 1905 மார்ச் 18-ல் பிறந்தார். சிறு வயதில் திக்குவாய். அதைப் போக்கப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்தப் பயிற்சியே அவரை நாடகத்தில் கொண்டுபோய் விட்டது. 1921-ல், 16-வது வயதில், பர்மிங்ஹாமில் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் முதன்முதலாக மேடை ஏறினார். பின்னர் பென்சன் நாடகக் கம்பெனியில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார்.

1934-ல் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' படத்துக்காக ஹாலிவுட் சென்றார். படம் வெற்றி பெற்றும் அங்கே தங்காமல் தாயகம் திரும்பிவிட்டார். மறு ஆண்டு ஹிட்ச்காக்கின் '39 படிகள்' வெளிவந்தது. 1939-ல் 'குட்பை, மிஸ்டர் சிப்ஸ்'. முப்பதுகளில் இருந்த டோனட், இளம் ஆசிரியராகத் தொடங்கி 83 வயதுக் கிழவராகவே மாறிக் காட்டினார். 'கான் வித் தி விண்ட்' நாயகன் கிளார்க் கேபிள் போட்டியில் இருந்தும் பரிசு டோனட்டுக்கே கிடைத்தது.

ஆனால் ஆஸ்துமா அவரை விடவில்லை. வாய்ப்புகள் பல கைநழுவின. நடித்த படங்கள் இருபதைக்கூட எட்டவில்லை. 1953-ல் லண்டன் ஓல்டு விக் அரங்கில் பேராயர் பெக்கெட்டாக அவர் நடித்தபோது, மேடையின் ஓரத்தில் பிராணவாயு சிலிண்டர் தயாராக இருந்தது.

கடைசிப் படம் 'தி இன் ஆஃப் தி சிக்ஸ்த் ஹேப்பினஸ்'. அதில் சீன அதிகாரியாக வரும் அவர், இனி நாம் சந்திக்கப்போவதில்லை என்று பொருள்படக் கூறி விடைபெறுவார். படம் திரைக்கு வருமுன்பே, 1958 ஜூன் 9-ல், 53-வது வயதில் டோனட் காலமாகிவிட்டார். ரசிகர்கள் அந்தக் காட்சியைக் கண்டபோது அவர் உயிருடன் இல்லை.