நுங்கம்பாக்கத்தில் சிறுகோள் தேடியவர்

வங்கியில் இருந்த காலத்தில் என் தினசரி வேலை கணக்கை டிக் அடித்து ஒத்துப் பார்ப்பது. ஒரு என்ட்ரி கூடுதலாக இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. இதே வேலையை வானத்தில் செய்த ஒருவர் நம் சென்னையில் இருந்தார். பெயர் நார்மன் ராபர்ட் போக்சன்.

1829-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் உதவியாளராக இருந்தபோதே மூன்று சிறுகோள்களைக் கண்டுபிடித்தார். சிறுகோள் என்பது சூரியனைச் சுற்றும் பாறை. பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ளன. தொலைநோக்கியில் வெறும் புள்ளியாகத்தான் தெரியும். அந்தக் காலத்தில் போட்டோ எடுத்துத் தேடும் வசதி இல்லை. நட்சத்திர வரைபடத்தோடு ஒவ்வொரு புள்ளியாக ஒத்துப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி மறுநாள் இடம் மாறியிருந்தால் அது சிறுகோளாக இருக்கலாம்.

1861-ல் நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். பிறகு சாஃபோ, சில்வியா, கமில்லா, 1885-ல் வேரா. சென்னையில் மட்டும் ஐந்து.

நட்சத்திரங்களின் ஒளியை அளக்க இன்றும் உலகம் பயன்படுத்துவது 1856-ல் அவர் சொன்ன கணக்குதான். நமக்குப் பழக்கமான கூட்டு வட்டி மாதிரி: ஒரு படிக்கு 2.512 மடங்கு, ஐந்து படி ஏறினால் சரியாக 100 மடங்கு.

அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். போக்சனின் மகள் ஐசிஸும் 1873 முதல் அங்கேயே உதவியாளராகப் பணிபுரிந்தார்.

முப்பது ஆண்டுகள் உழைத்த போக்சன் 1891-ல் சென்னையிலேயே காலமானார். அவர் அளந்து எழுதிய நட்சத்திரப் பட்டியல் அவர் மறைந்த பிறகே அச்சில் வந்தது. என்ட்ரி எல்லாம் போட்டுவிட்டு, பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்காமலே போய்விட்டார். ஓய்வு பெற்றவன் என்பதாலோ என்னவோ, இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. ஆனால் அவர் போட்ட கணக்கு ஒன்றும் வீணாகவில்லை. வேராவுக்கு 103 ஆண்டுகள் கழித்து, 1988-ல் காவலூரிலிருந்து அடுத்த சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு 'ராமானுஜன்' என்று பெயர்.

வானாய்வுக்கூடம் இருந்த இடத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. தமிழ்க் கல்வெட்டோடு 1792-ஆம் ஆண்டின் கருங்கல் தூண் அங்கே இன்னும் நிற்கிறது.

நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால், சிப்காட் பக்க வெளிச்சத்தில் பளிச்சென்ற சில நட்சத்திரங்கள்தான் தெரிகின்றன. தொழிற்சாலை விளக்கை நாம் அணைக்க முடியாது. நம் மாடி போகஸ் லைட்டை அணைக்கலாமே? வரும் அமாவாசையன்று ஒரு மணி நேரம் அணைத்து வைக்கக் கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் முன்னும் பின்னும் எண்ணிப் பார்க்கட்டும். எத்தனை கூடுதல் என்று அடுத்த இதழில் எழுதலாம்.