துயரிலும் தளராத ரசிகமணி

குற்றாலச் சாரலை நினைக்குந்தோறும் ரசிகமணி டி.கே.சி. அவர்களின் நினைவும் உடன் எழும். 1882-ல் பிறந்த டி.கே. சிதம்பரநாத முதலியார் வழக்கறிஞர். சென்னைச் சட்டசபை உறுப்பினர். இந்து அறநிலைய ஆணையர். நெல்லை வண்ணார்பேட்டை இல்லத்தில் 'வட்டத்தொட்டி' கூட்டிக் கம்பரைச் சுவைக்கச் செய்தவர்.

1942 ஏப்ரலில் ஜப்பானியக் குண்டுகள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் விழவே, சென்னை மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். எங்கும் கலக்கம். மகன் தீத்தாரப்பனை இளமையிலேயே பறிகொடுத்த ரசிகமணியோ, தம் துயரை நெஞ்சில் அடக்கி, அந்த நாற்பதுகளில் குற்றாலம் வந்த நண்பர்களுக்கு அருவிக் குளியலும் விருந்தும் கம்பர் கவியும் வழங்கி மகிழ்வித்தார். ராஜாஜியும் கல்கியும் அவ்விருந்தில் கலந்தவர்களே.

1954 பிப்ரவரி 16-ல் மறைந்தார். கலங்கிய காலத்தில் பிறர் மனத்தைத் தேற்றுவதும் ஓர் அறப்பணியே என்பது அப்பெருமகனார் வாழ்வு நமக்குத் தரும் பாடம்.