சிந்தாமணி தந்த திருத்தக்கதேவர்

நம் இல்லங்களில் சீவகன் கதையை அறியாத முதியோர் இலர். ஆயினும் அக்கதையைப் பாடியவர் கவித்தொழிலை எவ்வாறு பயின்றார் என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துரைப்பது குறைவு.

திருத்தக்கதேவர் கி.பி. 9 அல்லது 10 ஆம் நூற்றாண்டினர் என்பர். சோழர் குலத்தில் பிறந்து, இளமையிலேயே துறவு பூண்டு, தமிழும் வடமொழியும் ஆகமமும் கற்றுத் தேர்ந்தார் என்று மரபு கூறும். தம் ஆசிரியரோடு அவர் மதுரையில் தங்கியிருந்த நாளில், சமண முனிவர்க்குத் துறவைப் பாட வருமேயன்றி இன்பச்சுவையைப் பாட வாராது என்று அங்கிருந்த புலவர்கள் குறை கூறினராம். தேவர் அக்குறையைத் தம்மைப் பற்றியதாக மட்டும் கொள்ளவில்லை. தம் சமயத்தார் அனைவரின் புலமைக்கும் நேர்ந்த இழுக்காகக் கொண்டார். காப்பியம் பாட ஆசிரியரிடம் அனுமதி வேண்டினார்.

ஆசிரியர் உடனே இசையவில்லை. அப்பொழுது அவ்வழியே ஒரு நரி ஓடிற்று. அதனைப் பொருளாக வைத்து முதலில் ஒரு நூல் செய்யுமாறு பணித்தார். ஆசிரியப் பயிற்சி பெற்ற நமக்கு இவ்விடம் மிகவும் உவப்பானது. கண்முன் உள்ள சிறு பொருளிலிருந்து பெரும்பொருளுக்குச் செல்லவேண்டும் என்று நமக்குப் பயிற்சிப் பள்ளியில் பல மாதங்கள் போதித்தார்கள். அந்த முனிவரோ ஓடும் நரியைக் காட்டி அதனை ஒரு நொடியில் முடித்துவிட்டார்!

அவ்வாறு பிறந்ததே நரிவிருத்தம். ஏறத்தாழ 50 பாடல்களே உடைய சிறு நூல். வேடனும் யானையும் பாம்பும் ஓரிடத்தில் மடிந்து கிடக்க, அங்கு வந்த நரி இத்தனை உணவும் பல நாளைக்கு ஆகும் என்று கணக்கிட்டு, முதலில் வில்லின் நாணைக் கடிக்கிறது. நாண் அறுந்து வில் நிமிர்ந்து தாக்க, நரியும் மடிகிறது. நிலையாமையைக் கூறும் இக்கதையைக் கண்டு தெளிந்த ஆசிரியர், காப்பியம் பாட விடை கொடுத்தார். புதிய நூலுக்குத் தாமே ஓர் அருகர் வாழ்த்தும் பாடித் தந்தார். மாணவர் பாடிய சித்தர் வாழ்த்து அதனினும் சிறந்திருக்கக் கண்டு, அதனை முதலிலும் தம்முடையதை இரண்டாவதாகவும் வைக்கச் செய்தார் என்பர். மாணவன் தம்மை விஞ்சியதை இப்படி வெளிப்படையாக ஏற்கும் ஆசிரியர் எத்தனை பேர்?

சீவகன் வரலாற்றை வடமொழியில் வாதீபசிம்மர் உரைநடையில் ஒரு நூலாகவும் செய்யுளில் ஒரு நூலாகவும் செய்துள்ளார். தமிழில் தேவர் தேர்ந்தது விருத்தப்பா. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பெரும்பாலும் அகவலில் அமைந்தவை. ஒரு பெருங்காப்பியம் முழுவதையும் விருத்தத்தில் நடத்தி, போருக்கும் புலம்பலுக்கும் காதலுக்கும் அதன் ஓசையை மாற்றிக் காட்டியவர் இவரே. பின்வந்த கம்பரும் சேக்கிழாரும் அவ்வழியே சென்றனர். 13 இலம்பகங்களும் 3145 செய்யுட்களும் கொண்ட இந்நூலுக்கு மணநூல் என்றும் பெயர். சீவகன் எண்மரை மணக்கிறான். கல்வி நாமகள் இலம்பகம். பகைவனை வென்றது மண்மகள் இலம்பகம். முடிசூடியது பூமகள் இலம்பகம். இறுதியில் முத்தி இலம்பகம். மணம் என்ற ஒரே சரட்டில் இன்பத்தையும் வீட்டையும் கோத்த திறம் இது.

இத்தனை இன்பத்தைத் துறவி எவ்வாறு அறிந்தார் என்று புலவர்கள் ஐயுற, தேவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தித் தம் தூய்மையைக் காட்டினார் என்றும் கதை உண்டு. நமக்கு அக்கதையில் நாட்டம் இல்லை. நூலே விடை கூறுகிறது. சீவகனுக்குத் துறவு எண்ணம் எழுந்தது எதனால்? சோலையில் ஒரு கடுவன் தன் மந்திக்குக் கொடுத்த பலாப்பழத்தைக் காவலன் அடித்துப் பறித்துக்கொண்டான். அரசும் கைமாறும் அப்பழமே என்று சீவகன் உணர்ந்தான். நரியைப் பாடிப் பழகிய கை அல்லவா! ஊன்றிப் பார்த்தலும் சொல்லை அளந்து வைத்தலும் அறிந்தவர்க்கு, பாடுவதையெல்லாம் வாழ்ந்து பார்க்க வேண்டியதில்லை.

நச்சினார்க்கினியர் இந்நூலுக்கு முதலில் வரைந்த உரையை நம் முன்னோர் ஏற்கவில்லை என்றும், அவர் சமண நூல்களைப் பயின்று மீண்டும் எழுதினார் என்றும் கூறுவர். பல நூற்றாண்டு கழித்து, கும்பகோணத்தில் உ.வே.சாமிநாதையர் ஏட்டுச் சுவடியில் பொருள் விளங்காது தயங்கிய இடங்களை அவ்வூர்ச் சமணக் குடும்பத்தார் விளக்கினர். அவ்வில்லங்களில் சிந்தாமணியைப் படித்துப் பொருள் கூறும் வழக்கம் அற்றுப்போகாமல் இருந்தது. 1887 இல் நூல் முழுமையாக அச்சேறிற்று.