நிலக்கரி அள்ளியபடி பாடல் புனைந்த கலைஞர்: சோவியத் ராக் இசையின் முகமாக விளங்கிய விக்டர் சோய்

சோவியத் ஒன்றியத்தில் ராக் இசை மறைவாக வளர்ந்த காலத்தைப் பதிவு செய்த ஆவணப்படங்களுள் முதன்மையானது 'ராக்'. அலெக்ஸேய் உசித்தெல் இயக்கத்தில் 1987-ஆம் ஆண்டு உருவான இப்படத்தில், நிலவறை ஒன்றில் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடும் இளைஞர் ஒருவர் இடம்பெறுகிறார். அவரே, அந்நாட்டு இளைஞர்களின் குரலாக அறியப்பட்ட விக்டர் சோய்.

லெனின்கிராட் நகரில் 1962-ஆம் ஆண்டு ஜூன் 21 அன்று பிறந்தவர் சோய். தந்தை கொரிய வம்சாவளியைச் சேர்ந்த பொறியாளர். தாய் ரஷ்யர், உடற்கல்வி ஆசிரியை. ஓவியப் பள்ளியில் இருந்து நீக்கப்பட்ட சோய், பின்னர் மரச் செதுக்குக் கலை பயின்றார்.

1982-இல் அவர் தலைமையிலான 'கினோ' குழுவின் முதல் இசைத்தொகுப்பு '45' வெளியானது. இசைத்தட்டுத் தயாரிப்பு 'மெலோடியா' என்ற அரசு நிறுவனத்தின் வசமே இருந்ததால், இத்தகைய குழுக்களுக்கு அங்கு இடமில்லை. எனவே, சிறுவர்களுக்கான தொழில்நுட்பப் பயிற்சி மையத்தில் ஆந்த்ரேய் திரபில்லோ நடத்திய ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடல்கள் பதிவாயின. ரசிகர்கள் ஒலிநாடாக்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிரதி எடுத்து, அவற்றை நாடெங்கும் கொண்டு சேர்த்தனர்.

1981-இல் தொடங்கப்பட்ட லெனின்கிராட் ராக் மன்றம், இக்குழுக்கள் மேடையேற வழிவகுத்தது. எனினும், பாடல் வரிகளுக்கு முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டியிருந்தது.

இசையை மட்டுமே நம்பி வாழ்வதும் இயலாததாக இருந்தது. அரசு அங்கீகரித்த பணியில் இல்லாதோர் 'ஒட்டுண்ணிகள்' எனக் குற்றம்சாட்டப்பட்டுத் தண்டிக்கப்படலாம். இதே நகரின் கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கி, 1964-இல் இக்குற்றச்சாட்டின் பேரில் ஐந்தாண்டு உள்நாட்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றவர். எனவே இசைக்கலைஞர்கள் பலர் காவலாளிகளாகவும் கொதிகலன் தொழிலாளர்களாகவும் பணியில் சேர்ந்தனர். 'கம்சாத்கா' என்றழைக்கப்பட்ட கொதிகலன் அறையில் 1986-இல் பணியேற்ற சோய்க்கு, அது சட்டப் பாதுகாப்பாகவும் நண்பர்கள் கூடும் இசை அரங்காகவும் அமைந்தது.

கோர்பச்சேவின் சீர்திருத்தங்களால் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 'ஆஸ்ஸா' திரைப்படத்தின் இறுதியில் மாற்றம் வேண்டிச் சோய் பாடிய பாடல், ஒரு தலைமுறையின் கோரிக்கையாகவே ஏற்கப்பட்டது. 1988-இல் ரஷீத் நுக்மானோவ் இயக்கிய 'இக்லா' படத்தில் கதாநாயகனாகவும் அவர் நடித்தார். ஒரு காலத்தில் குடியிருப்புகளின் அறைகளில் சிலருக்காகப் பாடியவர், 1990 ஜூன் 24 அன்று மாஸ்கோவின் லுஷ்னிக்கி மைதானத்தில் பல்லாயிரக்கணக்கானோர் முன்னிலையில் பாடினார்.

அதுவே சோய் பங்கேற்ற 'கினோ'வின் கடைசிப் பெரும் நிகழ்ச்சியானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, லாத்வியாவின் துக்கும்ஸ் அருகே அவரது கார் பேருந்துடன் மோதியதில் சோய் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 28. அடுத்த ஆண்டு டிசம்பரில் சோவியத் ஒன்றியமே கலைந்துபோனது.

எனினும் அப்பாடலின் தேவை முடிந்துவிடவில்லை. அவர் மறைந்து 30 ஆண்டுகளுக்குப் பின், 2020-இல் பெலாரஸ் போராட்டக்காரர்கள் அதனைப் பாடினர். மின்ஸ்க் நகரில் பொது நிகழ்ச்சி ஒன்றில் அதனை ஒலிபரப்பிய இரு ஒலி அமைப்பாளர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். சோய் நிலக்கரி அள்ளிய கொதிகலன் அறை, இன்று அவரது நினைவைப் போற்றும் அருங்காட்சியகமாகவும் இசை மன்றமாகவும் திகழ்கிறது.